விழுங்கினர், விளக்கம் பெற்றிலர்!

சின்னஞ்சிறு மாத்திரைதான். ஆயினும், ஆண்டுக்கொரு பிள்ளை பெற்று அயர்ந்துபோன பெண்ணினத்துக்கு அது திறந்துவிட்ட வாயில் சிறிதன்று. அதனை நாம் மறுக்கவில்லை, மகிழ்ந்தே போற்றுகிறோம். ஆனால், கருத்தடை மாத்திரையை விழுங்கிய மங்கையரிடம் அதன் முழு உண்மையைச் சொன்னவர் யார்? வரலாற்றைக் கேட்போம்.

1956-ஆம் ஆண்டு. கரும்பு விளையும் போர்ட்டோ ரிக்கோ தீவு. ரியோ பியத்ராஸ் குடியிருப்பில் வாழ்ந்த ஏழைப் பெண்களுக்கு 'எனோவிட்' மாத்திரை தரப்பட்டது. கரு தரிக்காது என்றனர், வாங்கி உண்டனர். இது சோதனை என்பதை மட்டும் சொன்னாரில்லை! குமட்டல், தலைசுற்றல், தலைவலி என 17 விழுக்காட்டினர் துன்புற்றனர் என்று, சோதனையை நடத்திய டாக்டர் எட்ரிஸ் ரைஸ்-ரே அம்மையாரே எழுதினார். ஆய்வின் தலைவர் கிரிகரி பின்கஸ் அதைப் பெரிதாகக் கொள்ளவில்லை. 1960-இல் அமெரிக்க அரசு கருத்தடைக்கென அம்மாத்திரைக்கு ஒப்புதல் தந்தது.

பத்தாண்டுகள் உருண்டன. இரத்தம் உறைந்து மாண்டோரும் உளர் என்ற செய்தி பரவிற்று. 1969-இல் பார்பரா சீமன் நூலெழுதி எச்சரித்தார். 1970 சனவரியில் செனட்டர் கேலார்ட் நெல்சன் விசாரணை தொடங்கினார். மருத்துவர் வந்தனர், ஆராய்ச்சியாளர் வந்தனர். மாத்திரை உண்ட மாதரைச் சான்று கூற அழைத்தனரா? இல்லை! பார்வையாளர் வரிசையிலிருந்து ஆலிஸ் உல்ஃப்சனும் தோழியரும் எழுந்தனர். எங்கள் உடலைப் பற்றிய வழக்கில் எங்களுக்கு இடமில்லையா என்று முழங்கினர். மாத்திரை உண்போரில் மூன்றில் இரு பங்கினர்க்கு மருத்துவர் ஆபத்தை உரைக்கவே இல்லை என்பதும் அவ்வாண்டுக் கணிப்பொன்றில் வெளிப்பட்டது.

போராட்டம் வீண்போகவில்லை. மாத்திரையோடு விளக்கத்தாள் வைக்க 1970-இல் ஆணை பிறந்தது. முதல் வரைவில் ஏறத்தாழ 600 சொற்கள்; மருத்துவரும் மருந்து நிறுவனங்களும் எதிர்த்ததால் ஏறத்தாழ 100 சொற்களாய்ச் சுருங்கிற்று! விரிவான விளக்கம் வர 1978 வரை காத்திருக்க நேர்ந்தது.

இன்றைய மாத்திரையில் மருந்தின் அளவு மிகக் குறைவு, இடரும் குறைவு. ஆயினும், ஒரு நாள் மறந்தால் செய்வதென்ன, புகைப்பழக்கம் உடையோர்க்கு நேரும் தீங்கென்ன என்பனவற்றை அறிந்தபின் அன்றோ உண்ண வேண்டும்?

வகுப்பறையில் பொருள் கூறாது செய்யுளை ஒப்பிக்கச் சொல்பவரை நல்லாசிரியர் என்போமா? மருந்துக்கும் அதே நீதிதான். விளக்கத்தோடு வரும் மாத்திரை விடுதலை. விளக்கமின்றி வருவது, இனிப்புப் பூசிய கட்டளை!