திருச்சிக் கோட்டையில் ஒரு நோட்டீஸ்

"ரோட்டுல இறங்கிக் கத்தினா என்ன மாறிடப் போகுது?" இதை நாம எல்லாருமே ஒரு தடவையாவது கேட்டிருப்போம், இல்ல நம்மகிட்ட யாராவது கேட்டிருப்பாங்க. இன்றைய எபிசோடில் இதே கேள்வியோடு 1801-ஆம் வருஷத்துத் திருச்சிக்குப் போகலாம்.

ஜூன் 16 தேதியிட்ட ஒரு அறிக்கை. திருச்சிக் கோட்டைக்குள்ள நவாபின் அரண்மனைக்குப் போற வாசலில் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. ஆற்றைத் தாண்டி ஸ்ரீரங்கம் கோவில் மதிலில் இன்னொன்று. (ஸ்ரீரங்கம்னதும் உங்க மனசுல வர்ற 13 நிலை ராஜகோபுரத்தைக் கொஞ்சம் அழிச்சுடுங்க. அது கட்டி முடிஞ்சது 1987-ல். அன்றைக்கு அங்க நின்னது மொட்டைக் கோபுரம்தான்.) அறிக்கை சின்ன மருதுவின் பெயரில் இருந்தது. பாடப்புத்தகத்தில் 'ஜம்புத் தீவுப் பிரகடனம்'னு ஒரு வரியில் கடந்துபோவோமே, அதுதான் இது.

சிவகங்கைக்காரர் ஏன் திருச்சியில் கொண்டுவந்து ஒட்டணும்? அதைப் புரிஞ்சுக்க ஐம்பது வருஷம் பின்னாடி போகணும்.

1751-ல் ஆற்காட்டு நவாப் பதவிக்கு இரண்டு பேர் போட்டி. முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள்ள இருக்கார், சந்தா சாகிபு வெளியே முற்றுகை போட்டிருக்கார். முதலாமவருக்கு இங்கிலீஷ் கம்பெனி துணை, இரண்டாமவருக்கு பிரெஞ்சுக் கம்பெனி. வேடிக்கை என்னன்னா, அந்த நேரம் ஐரோப்பாவில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் சண்டையே இல்லை. 1748-லேயே சமாதானம் பேசிட்டாங்க. அவங்க போட்டி இங்கே காவிரிக் கரையில் ஓடிக்கிட்டிருந்தது. 1752 ஜூனில் ஸ்ரீரங்கம் தீவில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. சந்தா சாகிபின் தலை போனது. முகமது அலி நவாப் ஆனார்.

ஆனா அந்த உதவி சும்மா வரலை. கம்பெனிப் படைக்குச் செலவு, அதுக்குக் கடன், கடனுக்கு வட்டி. போதாததுக்கு கம்பெனி ஊழியர்கள் தனிப்பட்ட முறையிலும் நவாபுக்குக் கடன் கொடுத்தாங்க. அந்தக் கடன் எவ்வளவு நாறிப்போச்சுன்னா, 1785-ல் லண்டன் பாராளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் அதைப் பற்றியே ஒரு பெரிய உரை நிகழ்த்தினார். கடைசியில் 1792-ல் ஒரு ஒப்பந்தம்: தெற்கத்திப் பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கிற அதிகாரம் கம்பெனி கைக்குப் போனது. கட்டபொம்மனிடம் கம்பெனி கலெக்டர் வந்து கிஸ்தி கேட்டதுக்குப் பின்னால இருக்கிறது இந்தக் காகிதம்தான்.

வரி அதிகம்ங்கிற கோபம் மட்டும் இல்லை இது. நம்மைக் கேட்காம, நமக்குத் தெரியாத ஒரு சண்டைக்காக, யாரோ போட்ட கையெழுத்துக்கு நாம ஏன் கட்டணும்ங்கிற கோபம்.

மருதுவின் அறிக்கை கை வைக்கிறது இந்த இடத்தில்தான். நவாப் முட்டாள்தனமா ஐரோப்பியருக்கு இடம் கொடுத்தார், அவங்க நம்பிக்கைத் துரோகம் பண்ணி நாட்டையே எடுத்துக்கிட்டாங்க, ஜனங்க ஏழையாகிட்டாங்க, நீங்களோ ஒற்றுமை இல்லாம ஒருத்தரை ஒருத்தர் குறை சொல்லிக்கிட்டு இருக்கீங்க. சாரம் இதுதான். பேசுறது எல்லாச் சாதியாரிடமும், முஸ்லிம்களிடமும். கம்பெனியில் சிப்பாயா இருக்கிறவங்களையும் விடலை. மீசை வச்சவன் எல்லாம் ஆயுதத்தை எடுங்கன்னு அவங்க மானத்தைச் சீண்டுது. படிக்கிறவர் நகல் எடுத்துப் பரப்பணும், பரப்பலைன்னா கங்கைக்கரையில் பசுவைக் கொன்ன பாவம் சேரும். ஆமாங்க, 'பத்து பேருக்கு ஃபார்வர்டு பண்ணலைன்னா' மெசேஜுக்கு நம்ம ஊரில் இவ்வளவு பழைய பாட்டன் இருக்கார்! ஸ்ரீரங்கத்தில் ஒட்டினதில் தொனி வேற. அங்கே இருக்கிற பெரியவங்க காலில் விழுந்து ஆசி கேட்கிறார்.

அறிக்கை வெறும் காகிதமா நிற்கலை. விருப்பாச்சி கோபால நாயக்கர், பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்த ஊமைத்துரை, மருது சகோதரர்கள்னு ஒரு கூட்டணி திண்டுக்கல்லிலிருந்து ராமநாதபுரம் வரை சண்டை போட்டது. வரலாற்றாசிரியர் கே. ராஜய்யன் இதைத்தான் முதல் சுதந்திரப் போர்னு எழுதினார்.

பிறகு என்ன ஆச்சு? ஒரு மாதத்தில், ஜூலை 15 அன்று, அப்போதைய நவாப் உம்தத் உல் உமரா இறந்தார். ஜூலை 31-ல் புது நவாபோடு கம்பெனி ஒப்பந்தம் போட்டது. அவருக்கு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு, ஆட்சி முழுக்க கம்பெனிக்கு. சொன்ன காரணம், முந்தைய நவாபுகள் திப்புவோடு ரகசியமாகக் கடிதம் எழுதினாங்கன்னு. அதுவும் வெளியுறவு விவகாரம்தான் பாருங்க. அப்போது சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ். 1751-ல் ஆற்காட்டைப் பிடித்து முகமது அலியைக் காப்பாற்றிய ராபர்ட் கிளைவின் மகன்.

சிவகங்கையில் கம்பெனி பீரங்கியை மட்டும் நம்பலை. மருது சகோதரர்கள் அரச வம்சத்துக்காரங்க இல்லை, வேலு நாச்சியாருக்காக நின்னு நாட்டை மீட்டவங்க. கம்பெனித் தளபதி அக்னியூ, பழைய வம்சத்து உறவினர் கௌரி வல்லபரைத் தேடிப் பிடித்து, இவர்தான் உங்க உண்மையான ராஜான்னு அறிவிச்சார். ஆட்கள் பிரிஞ்சாங்க. அக்டோபர் 1-ல் காளையார்கோவில் விழுந்தது. அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டாங்க.

இங்கேதான் எனக்கு அந்த அறிக்கையோட பலவீனம் தெரியுது. கோபம் எல்லாருடையது, ஆனா கேட்டது பழைய ராஜாக்களுக்குப் பழைய நாடு. ஒரு ராஜாவைத்தான் கேட்கிறீங்கன்னா, எதிரியும் ஒரு ராஜாவைக் கொடுத்துட முடியும்.

அப்போ எதுவுமே மாறலையா? மாறிச்சு, கேட்ட திசையில் இல்லை. ஆயுதம் வைத்திருக்கத் தடை வந்தது, கோட்டைகள் இடிக்கப்பட்டன, பாளையங்கள் ஜமீன்களாயின. 1803-ல் கௌரி வல்லபர் ஜமீன்தார்.

இதே திருச்சியிலிருந்து 1930 ஏப்ரல் 13 அன்று, டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் சுமார் நூறு பேர் வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கக் கிளம்பினாங்க. சோறு போட்டால் தண்டனைன்னு தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்டினார். ஜனங்க சாப்பாட்டுப் பொட்டலத்தை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டாங்க. இந்தக் கூட்டத்தைப் பிரிக்க எந்த வாரிசைக் கொண்டுவர முடியும்? அவங்க கேட்டது எந்த சிம்மாசனமும் இல்லை, கடற்கரையில் கிடக்கிற உப்பு. அதுக்கும் உடனே வெற்றி வந்துடலை. உப்பு வரி போனது 1947-ல்தான்.

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒருத்தரைப் பற்றிச் சொல்லிடறேன். ஜேம்ஸ் வெல்ஷ்னு ஒரு கம்பெனி அதிகாரி. இளவயதில் அவருக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தது சின்ன மருது. 1801-ல் அதே மனுஷர் மருதுவுக்கு எதிரான படையில் இருந்தார். 1802 பிப்ரவரியில் சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட 73 பேர் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டாங்க. துரைசாமி அப்போ சின்னப் பையன். 1818-ல் வெல்ஷ் பினாங்கு போனபோது, கிழவர் போலத் தளர்ந்த ஒருத்தர் அவரைப் பார்க்க வந்தார். பெயரைச் சொல்ற வரைக்கும் வெல்ஷுக்கு அடையாளம் தெரியலை. ஊரில் மிச்சம் இருக்கிற சொந்தக்காரங்களுக்கு ஒரு கடிதம் கொண்டுபோக முடியுமான்னு துரைசாமி கேட்டார். அதுக்கு உத்தரவு இல்லைன்னு வெல்ஷ் மறுத்துட்டார்.