திய்யத்தும் நட்டஈடும்: மதீனாவிலிருந்து திருகோணமலைத் துறைமுகம் வரை

 



சில ஆண்டுகளுக்கு முன் ஜும்ஆத் தொழுகை முடிந்த பின்னர் ஒரு சகோதரர் என்னிடம் வந்து அமர்ந்தார். துறைமுகப் பகுதியில் மூட்டை ஏற்றி இறக்கும் கூலித் தொழிலாளி. பாரம் சரிந்து விழுந்ததில் அவரது வலக்கையின் இரண்டு விரல்கள் நசுங்கி, வைத்தியசாலையில் அகற்றப்பட்டிருந்தன. வேலை கொடுத்தவர் வைத்தியசாலைக்கே வந்து, ஒரு சிறு தொகையைக் கொடுத்து, ஒரு தாளில் ஒப்பமும் வாங்கிச் சென்றிருந்தார். அச்சகோதரர் என்னிடம் கேட்டது பணத்தைப் பற்றியன்று. "மௌலவி, அல்லாஹ்வின் கத்ரை ஏற்றுக்கொண்டவன் நட்டஈடு கேட்டால் அது ஈமானுக்குக் குறைவாகுமா?" என்றே கேட்டார்.

இக்கேள்வி அவர் ஒருவருடையதன்று. நம் ஊர்களில் விபத்து நடந்த வீடுகள் பலவற்றில் இதே தயக்கம் உண்டு. இதற்கான விடை இஸ்லாமிய வரலாற்றிலும் நம் நாட்டுச் சட்ட வரலாற்றிலும் தெளிவாக இருக்கின்றது.

நூறு ஒட்டகங்கள்

இஸ்லாத்திற்கு முந்திய அரபகத்தில் ஓர் உயிர் போனால் அதற்கு ஈடாகப் பல உயிர்கள் போயின. கோத்திரத்தின் பலமே இரத்தத்தின் விலையைத் தீர்மானித்தது. வலிய கோத்திரத்தான் ஒருவனுக்கு ஈடாக எளிய கோத்திரத்தார் பலர் கொல்லப்பட்டனர். நபி (ஸல்) அவர்களின் பாட்டனார் அப்துல் முத்தலிப், தம் மகன் அப்துல்லாஹ்வை அறுத்துப் பலியிடுவதாகச் செய்த நேர்ச்சைக்குப் பகரமாக நூறு ஒட்டகங்களை அறுத்த நிகழ்ச்சியை ஸீரா ஆசிரியர் இப்னு இஸ்ஹாக் பதிவு செய்துள்ளார். ஓர் உயிருக்கு நூறு ஒட்டகம் என்ற இந்த அளவை இஸ்லாம் நிலைநிறுத்தியது. அதனைப் பலவானுக்கும் பலவீனனுக்கும் பொதுவாக்கியது.

தவறுதலாக ஓர் உயிர் பறிக்கப்பட்டால் இறந்தவரின் குடும்பத்தாரிடம் திய்யத் ஒப்படைக்கப்பட வேண்டும் என ஸூரத்துந் நிஸாவின் 92 ஆவது வசனம் விதிக்கின்றது. அக்குடும்பத்தார் விட்டுக்கொடுப்பதை அவ்வசனம் தர்மம் என்ற சொல்லால் குறிப்பிடுகின்றது. சிந்தியுங்கள்! தனக்குச் சொந்தமானதையே ஒருவர் தர்மம் செய்ய முடியும். ஆகவே முதலில் உரிமை, அதன் பின்னரே மன்னிப்பு. தன் உரிமை இன்னதென்று அறியாதவன் விட்டுக்கொடுப்பது தர்மமாகாது. அது ஏமாற்றப்படுதலேயாகும்.

யமன் தேசத்தாருக்கு நபி (ஸல்) அவர்கள் அம்ர் இப்னு ஹஸ்ம் (ரலி) அவர்களிடம் கொடுத்தனுப்பிய கடிதத்தில் காயங்களுக்கான அளவுகள் வரிசையாக இடம்பெற்றிருந்தன. மூக்கு முழுதாக அறுபட்டால் முழுத் திய்யத். இரு கண்களுக்கும் முழுத் திய்யத். ஒரு கைக்கு ஐம்பது ஒட்டகங்கள். ஒரு விரலுக்குப் பத்து. ஒரு பல்லுக்கு ஐந்து. எலும்பு தெரியும் தலைக்காயத்திற்கு ஐந்து. உடலின் உட்புறம் வரை பாயும் காயத்திற்குத் திய்யத்தில் மூன்றிலொரு பங்கு.

விரல்களைப் பற்றி நம் மத்ஹபின் இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் தமது 'அர்ரிஸாலா' நூலில் ஒரு செய்தியைத் தருகின்றார்கள். உமர் (ரலி) அவர்கள் ஒவ்வொரு விரலின் பயனையும் கருதிப் பெருவிரலுக்குப் பதினைந்து, சுண்டுவிரலுக்கு ஆறு என வேறுபடுத்தித் தீர்ப்பளித்திருந்தார்கள். பின்னர் அம்ர் இப்னு ஹஸ்மின் குடும்பத்தாரிடம் அக்கடிதம் காணப்பட்டதும், எல்லா விரலுக்கும் பத்து என்ற அளவின்பால் மக்கள் திரும்பினர். உமர் (ரலி) போன்ற ஒரு கலீஃபாவின் கணிப்பும் சான்று கிடைத்தவுடன் வழிவிட்டது.

இவ்வாறு நம் ஃபிக்ஹு நூல்கள் ஈட்டை மூவகையாகப் பிரித்தன. உயிருக்கு உரியது திய்யத். உறுப்புக்கும் குறித்த சில காயங்களுக்கும் அளவு வரையறுக்கப்பட்டது அர்ஷ். அளவு வரையறுக்கப்படாத காயத்திற்கு நீதிபதி மதிப்பிட்டு விதிப்பது ஹுகூமா. தவறுதலான கொலைக்குரிய திய்யத்தைக் குற்றவாளி தனியே சுமப்பதில்லை. 'ஆகிலா' எனப்படும் அவனது தந்தைவழி உறவினர் மூன்று ஆண்டுகளில் செலுத்துவர். கொடுப்பவனின் வறுமையால் பாதிக்கப்பட்டவர் வெறுங்கையோடு நிற்கக்கூடாது என்பதே இதன் தாத்பரியம்.

ஆட்சியும் பொறுப்பேற்றது

மக்கா வெற்றியின் பின்னர், ஹிஜ்ரி 8 இல், பனூ ஜதீமா கோத்திரத்தாரிடம் அனுப்பப்பட்ட படையினரால் அநியாயமாக உயிர்கள் பறிக்கப்பட்டன. செய்தி கேட்ட நபி (ஸல்) அவர்கள் அச்செயலிலிருந்து தாம் விலகியிருப்பதாக அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். அத்துடன் நின்றுவிடவில்லை. அலி (ரலி) அவர்களிடம் செல்வத்தைக் கொடுத்தனுப்பினார்கள். அலி (ரலி) அவர்கள் ஒவ்வோர் உயிருக்கும் பொருளுக்கும், நாய் நீர் குடிக்கும் பாத்திரத்திற்குக் கூட ஈடு கொடுத்தார்கள். பின்னர் எஞ்சியிருந்த பணத்தையும், இரு சாராரும் அறியாமல் விடுபட்டவற்றிற்காக என்று அவர்களிடமே கொடுத்துவிட்டு வந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அதனைச் சரியெனப் பாராட்டினார்கள்.

கைபரில் அப்துல்லாஹ் இப்னு ஸஹ்ல் (ரலி) அவர்கள் கொல்லப்பட்டுக் கிடந்தபோது கொன்றவர் யாரென நிரூபிக்க முடியவில்லை. அவ்விரத்தம் வீணாகிவிடக் கூடாதென்று நபி (ஸல்) அவர்களே நூறு ஒட்டகங்களைக் குடும்பத்தாருக்குக் கொடுத்தார்கள்.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், அவர்கள் ஒரு பெண்ணை அழைத்துவர ஆளனுப்பிய அச்சத்தில் அவளது கரு சிதைந்தது. தோழர்கள் சிலர் 'உங்கள் மீது பொறுப்பில்லை' என்றனர். அலி (ரலி) அவர்களோ பொறுப்பு உண்டென்றார்கள். உமர் (ரலி) அவர்கள் அதனையே ஏற்றார்கள். ஆட்சியாளரும் ஈட்டுக்கு அப்பாற்பட்டவரல்லர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சட்டம்

இனி நம் நாட்டிற்கு வருவோம். இலங்கையில் இஸ்லாமியச் சட்டம் நமக்குப் பொருந்துவது திருமணம், விவாகரத்து, வாரிசுரிமை போன்ற விடயங்களில் மட்டுமே. 1806 ஆம் ஆண்டின் முஹம்மதியச் சட்டக்கோவையும், 1931 ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டமும், 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டமும் இவற்றையே தழுவின. காயத்திற்கும் மரணத்திற்கும் ஈடு கோருவதில் எல்லா இனத்தாரையும் போல் நாமும் பொதுச் சட்டத்தின் கீழேயே நிற்கின்றோம்.

அப்பொதுச் சட்டத்தின் வேர் ஒல்லாந்தரிடம் இருக்கின்றது. திருகோணமலைக் கோட்டை 1795 ஆகஸ்டில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆட்சி மாறியது, சட்டம் மாறவில்லை. ஒல்லாந்தர் காலத்துச் சட்டங்களே தொடரும் என 1799 செப்டெம்பர் 23 ஆம் திகதிய பிரகடனம் அறிவித்தது. அந்த உரோமன் டச்சுச் சட்டத்தின்படி, பிறரின் வேண்டுமென்ற செயலாலோ கவனயீனத்தாலோ காயமடைந்தவர் இருவகை ஈடு கோரலாம். ஒன்று, பொருள் இழப்பு: வைத்தியச் செலவு, இழந்த கூலி, இனி இழக்கவிருக்கும் வருமானம். மற்றது, உடல் வேதனைக்கும் அங்கவீனத்திற்கும் வாழ்வின் இன்பம் குன்றியதற்கும் உரிய ஈடு. குடும்பத்தைத் தாங்கியவர் இறந்தால், அவரை நம்பியிருந்தோர் தம் ஆதரவு இழப்புக்கு ஈடு கோரலாம்.

காயமடைந்தவர் மீதும் தவறிருந்தால் உரிமை முற்றாக அழிந்துவிடாது. 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி அவரது தவறின் அளவுக்கு மட்டும் தொகை குறையும். வாகனச் சொந்தக்காரர் மூன்றாம் ஆளுக்கான காப்புறுதி பெற்றிருத்தல் வேண்டும் என 1951 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயப்படுத்தியது. காப்புறுதி பற்றிய மார்க்கச் சட்ட ஆய்வு வேறு. ஆயினும் சாரதி ஏழை என்பதால் அடிபட்டவர் கைவிடப்படக் கூடாது என்ற நோக்கில் இது ஆகிலாவை நினைவூட்டுகின்றது.

துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் உழைப்போருக்கு இன்னொரு வழி 1934 ஆம் ஆண்டில் பிறந்தது. வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் எனும் 19 ஆம் இலக்கச் சட்டமே அது. வேலை காரணமாக, வேலையின்போது விபத்து நேர்ந்ததென்று காட்டினால் போதும். முதலாளியின் கவனயீனத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. மரணம், நிரந்தர முழு இயலாமை, நிரந்தரப் பகுதி இயலாமை, தற்காலிக இயலாமை என்ற நான்கு நிலைகளுக்கும் ஈடு உண்டு. கை, கண், விரல் என உறுப்புகளுக்கு வீதம் குறித்த அட்டவணையும் அதில் உண்டு. யமனுக்குச் சென்ற கடிதத்தை அறிந்தவருக்கு அவ்வட்டவணை புதிதாகத் தோன்றாது. 2022 ஆம் ஆண்டின் திருத்தம் உச்சத் தொகையை ஐந்தரை இலட்சம் ரூபாவிலிருந்து இருபது இலட்சமாக உயர்த்தியதுடன், வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தையும் உட்படுத்தியது.

கூலியில்லாத குழந்தையின் விலை

உரோமன் டச்சுச் சட்டத்தில் ஒரு பெரும் குறை நெடுங்காலம் இருந்தது. இறந்தவர் சம்பாதித்தவராயின் குடும்பத்திற்கு ஈடு உண்டு. சம்பாதிக்காத குழந்தை இறந்தால்?

1992 இல் மரணித்த ஒரு சிறுமியின் தந்தை மருத்துவக் கவனயீன வழக்கைத் தொடுத்தார். மாவட்ட நீதிமன்றம் ஐம்பது இலட்சம் ரூபா விதித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. 2001 இல் உயர் நீதிமன்றம், மரணத்திற்கான காரணத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று கூறி வழக்கைத் தள்ளியது. பிள்ளையின் அன்பை இழந்த துயருக்கு இச்சட்டத்தில் ஈடு கோர இடமில்லை என்பதும் அத்தீர்ப்பில் தெளிவாயிற்று. பதினெட்டு ஆண்டுகள் கழித்தே பரிகாரம் வந்தது. 2019 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம், ஒருவரின் மரணத்தால் நெருங்கிய உறவினர் இழந்த அன்புக்கும் அரவணைப்புக்கும் துணைக்கும் ஈடு கோர வழிவகுத்தது.

2021 நவம்பர் 23 ஆம் திகதியை நம் மாவட்டம் மறக்காது. கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்து, பாடசாலைப் பிள்ளைகள் உள்ளிட்ட உயிர்கள் நீரில் போயின. அப்பிள்ளைகள் எவருக்கும் மாதச் சம்பளம் இருக்கவில்லை. சம்பளத்தைக் கொண்டு அளந்தால் அவர்களின் உயிர் என்ன பெறும்? திய்யத்தின் சட்டமோ அன்றே பிறந்த பாலகனுக்கும் பெரும் வணிகனுக்கும் ஒரே நூறு ஒட்டகங்களை விதித்தது. அது வருமானத்தைப் பார்க்கவில்லை, உயிரைப் பார்த்தது. நாட்டுச் சட்டம் 2019 இல் எடுத்துவைத்த அடி நம் மார்க்கம் என்றோ காட்டிய திசையிலேயே இருக்கின்றது.

நாம் செய்யும் தவறு

சகோதரர்களே! இவ்வளவு வரலாறும் இருந்தும் நம் ஊர்களில் நடப்பதென்ன? ஜனாஸா அடக்கிய மண் காயுமுன்னரே ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு தொகையைப் பேசி முடிக்கின்றனர். விதவை இத்தாவில் இருக்கின்றாள்; அவளிடம் ஒரு சொல்லும் கேட்பதில்லை. பணம் சகோதரர்களின் கைக்குப் போகின்றது.

உமர் (ரலி) அவர்களும் ஒரு காலத்தில், கணவனின் திய்யத்தில் மனைவிக்குப் பங்கில்லை என்றே கருதினார்கள். அஷ்யம் என்பவரின் மனைவிக்குத் திய்யத்திலிருந்து பங்கு கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் எழுதியதை ளஹ்ஹாக் இப்னு ஸுஃப்யான் (ரலி) அறிவித்ததும் தம் கருத்தைக் கைவிட்டார்கள். திய்யத் எல்லா வாரிசுகளுக்கும் உரியது. அநாதைக் குழந்தையின் பங்கை இலவசமாக விட்டுக்கொடுக்கும் அதிகாரம் அதன் பாதுகாவலருக்கும் இல்லை. ஊர்ச் சபைக்கு எங்கிருந்து வந்தது?

ஆகவே சமாதானம் பேசுவோர் மூன்றை மனத்திற் கொள்ளட்டும். பாதிக்கப்பட்டவருக்கு அவரது உரிமை முழுவதையும் முதலில் எடுத்துச் சொல்லுங்கள். காயத்தின் முழு அளவும் தெரியுமுன் "இனிக் கோருவதில்லை" என்ற தாளில் ஒப்பமிடச் செய்யாதீர்கள். விதவையையும் அநாதைகளையும் விலக்கிவைத்துப் பேசாதீர்கள்.

இளைஞர்களே! விபத்து நேர்ந்தால் பொலிஸ் முறைப்பாட்டையும் வைத்திய அறிக்கையையும் கூலிக்கான சான்றையும் பத்திரப்படுத்துங்கள். வழக்குச் செலவுக்கு வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். தாமதம் மட்டும் வேண்டாம். 1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, காயத்திற்கான வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்தாக வேண்டும்.

என்னிடம் வந்த அச்சகோதரரின் விரல்கள் போய் அப்போது இரண்டு ஆண்டுகளும் நான்கு மாதங்களும் கழிந்திருந்தன. ஈட்டைக் கேட்பது ஈமானுக்குக் குறைவன்று. கத்ரை நம்பிய நபித்தோழர்களும் அதனைக் கேட்டனர், நபி (ஸல்) அவர்களும் கொடுக்கச் செய்தார்கள் என்று அவருக்கு விடை சொன்னேன். விடை சரியானது, ஆனால் பிந்திவிட்டது. அவர் எஞ்சிய விரல்களால் என் கையைப் பற்றி ஸலாம் கூறிச் சென்றார். இக்கல்வியை மிம்பரிலிருந்து முன்னரே சொல்லியிருக்க வேண்டுமென்று அன்று நான் என்னையே நொந்துகொண்டேன். அதனாலேயே இன்று இதனைச் சொல்கின்றேன்.

யா அல்லாஹ்! எங்கள் கைகளாலும் வாகனங்களாலும் எவருக்கும் தீங்கு நேராமல் காப்பாயாக! தீங்கு நேர்ந்தால் ஈட்டை நீதியுடன் கொடுக்கும் மனத்தையும், உரிமையை அறிந்து மன்னிக்கும் பெருந்தன்மையையும் எங்களுக்குத் தருவாயாக! நீரிலும் நிலத்திலும் நாங்கள் இழந்த பிள்ளைகளைச் சுவர்க்கத்தில் அவர்களின் பெற்றோருடன் ஒன்று சேர்ப்பாயாக! ஆமீன்.