யோர்டான்: தூர்க்கப்பட்ட நீர்

ஆம்ஸ்டர்டாம் நகரின் வரைபடத்தில் ஒரு கோணல் இருக்கிறது. ஹேரன்ஹ்ராக்ட், கைசர்ஸ்ஹ்ராக்ட், பிரின்சன்ஹ்ராக்ட் ஆகிய மூன்று பெரிய கால்வாய்களும் இணையாக வளைந்து செல்கின்றன. பிரின்சன்ஹ்ராக்டுக்கு மேற்கே தெருக்கள் இந்த ஒழுங்குக்குப் பணியாமல் சாய்ந்து ஓடுகின்றன. அதுதான் யோர்டான்.

இந்தச் சாய்வு தற்செயலானதல்ல. 1612-13இல் தொடங்கிய நகர விஸ்தரிப்பில் வணிகப் பிரபுக்களுக்கான நிலம் கையகப்படுத்தப்பட்டு, மேடாக்கப்பட்டு, மனைகளாக விற்கப்பட்டது. கைவினைஞர்களும் கூலிகளும் அகதிகளும் குடியேறிய யோர்டானுக்கு இந்தச் செலவு மறுக்கப்பட்டது. வயல்வெளியின் பழைய வடிகால்களின் போக்கிலேயே கால்வாய்களும் தெருக்களும் அமைந்தன. ஆக, வர்க்க பேதம் இங்கே முதலில் ஒரு மட்டவித்தியாசம். தாழ்ந்த நிலத்தில் தேங்கிய நீர்.

பல கால்வாய்களுக்குப் பூக்கள், செடிகளின் பெயர்கள். நீரில் கலந்ததோ பட்டறைக் கழிவும் மலமும். லோயர்ஸ்ஹ்ராக்ட் என்ற பெயர் மட்டும் பொய் சொல்லவில்லை: தோல் பதனிடுவோர் கால்வாய். 1656இல் திவாலான ரெம்ப்ராண்ட் பின்னர் ரோசன்ஹ்ராக்டில், ரோஜாக் கால்வாயில், குடியேறி 1669இல் அங்கேயே இறந்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகராட்சி இந்த நாற்றத்தைக் கண்டுகொண்டது. சுகாதாரத்தின் பெயராலும் போக்குவரத்தின் பெயராலும் கால்வாய்கள் தூர்க்கப்பட்டன. 1889இல் ரோசன்ஹ்ராக்ட் சாலையாயிற்று. நெரிசலான வீடுகள் அப்படியே இருந்தன, நீர்தான் போயிற்று.

அந்த நீர் வெறும் சாக்கடையல்ல. விளையாட்டுக்கும் இடம் தந்தது. கால்வாயின் குறுக்கே கயிறு கட்டி, உயிருள்ள விலாங்கு மீனைத் தொங்கவிட்டு, படகிலிருந்தபடி பிடுங்குவது அவர்கள் கேளிக்கை. தடைசெய்யப்பட்ட, குரூரமான விளையாட்டுத்தான். 1886 ஜூலையில் லிண்டன்ஹ்ராக்டில் போலீஸ் அந்தக் கயிற்றை அறுத்தது, கலகம் மூண்டது. மறுநாள் ராணுவம் சுட்டது. இறந்தோர் 26 பேர். ஒரு மீனுக்கான இரக்கம் இந்தக் கணக்கை விளக்காது. 1895இல் லிண்டன்ஹ்ராக்டும் தூர்க்கப்பட்டது.

1934இல் வேலையற்றோருக்கான உதவித்தொகை குறைக்கப்பட்டபோது மக்கள் தெருக்கற்களைப் பெயர்த்துத் தடுப்பரண் எழுப்பினர். கலகம் அடங்கிய பிறகு தெருக்களுக்குத் தார் போடப்பட்டது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் பெரும்பகுதியை இடிக்கத் திட்டங்கள் எழுந்தன; எதிர்ப்பு அவற்றைத் தடுத்தது. வீடுகள் தப்பின. ஆனால் செப்பனிட்ட வீடுகளுக்கு வசதி படைத்தவர்கள் வந்தார்கள். பழைய குடும்பங்கள் பல வெளியூர்களுக்குப் பெயர்ந்தன. தூர்க்கப்படாமல் எஞ்சிய புளூம்ஹ்ராக்டும் எஹலன்டீர்ஸ்ஹ்ராக்டும் இன்று அழகுக் காட்சிகள். ஏழைகள் இருந்தவரை அபாயமாகக் கருதப்பட்ட நீர், அவர்கள் போனபின் வீட்டு விலையை ஏற்றுகிறது. தெருக்கள் மட்டும் இன்னும் வயல்வடிகாலின் சாய்விலேயே கிடக்கின்றன.