மெதுவா ஓடத் தெரியாதவன் படிச்ச சரித்திரம்

போன வருஷம் ஆபீஸ்ல நாலு பேர் சேர்ந்து அரை மாரத்தானுக்குப் பேர் குடுத்தோம். 21 கிலோமீட்டர். பொட்டி தட்டுற கூட்டத்துக்குத் திட்டம் போடவா தெரியாது? கையில ஒரு வாட்ச், எக்ஸெல்ல ஒரு அட்டவணை. நேத்தைவிட இன்னிக்குப் பத்து செகண்டாவது குறையணும், அவ்ளோதான். பெசன்ட் நகர் பீச் ரோட்டுல தினமும் நாக்குத் தள்ள ஓடினேன். ஏழாவது வாரம் கால் எலும்புல மயிரிழை விரிசல். ஆறு வாரம் ஓடவே கூடாதுன்னுட்டார் டாக்டர். போட்டி அன்னிக்கு அவங்க குடுத்த டி-சர்ட்டைப் போட்டுக்கிட்டு வீட்ல இட்லி சாப்பிட்டேன் :-(

சிரிச்சுட்டுப் போற விஷயம்தான். ஆனா நான் ஓட ஆரம்பிச்சது மெடலுக்காக இல்ல. எங்கப்பாவுக்கு 52 வயசுல பைபாஸ். நமக்கும் அதே ரத்தம், அதே உக்காந்து பாக்குற உத்தியோகம். ஓட்டத்தை விட்டுடுவேனோன்னு உள்ளுக்குள்ள பயம் வந்துடுச்சு. காலை நீட்டிப் படுத்துக்கிட்டே ஓட்டப் பயிற்சியோட வரலாற்றைப் படிக்க ஆரம்பிச்சேன். நான் தடுமாறின இடத்துல பெரிய ஆளுங்க எல்லாம் ஏற்கனவே தடுமாறியிருக்காங்க!

முதல்ல நம்ம ஏரியாவுலேர்ந்து ஆரம்பிக்கலாம். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ.ன்னா நமக்குப் புத்தகக் கண்காட்சிதான் ஞாபகம் வரும். அங்க இருக்கற உடற்பயிற்சிக் கல்லூரியை 1920ல சென்னையில ஆரம்பிச்சவர் ஹாரி க்ரோ பக்ங்கற அமெரிக்கர். விளையாட்டு சொல்லித் தர ஆளுங்களை உருவாக்கறதுக்கே ஒரு கல்லூரி! அதே 1920ல ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்ஸுக்கு இந்தியாவுலேர்ந்து ஒரு சின்ன அணி போச்சு. அனுப்பி வெச்சவர் தொராப்ஜி டாட்டா. புனாவுல ஒரு போட்டியில விவசாயிங்க வெறுங்காலோட ஓடினதைப் பார்த்து அசந்து போனவர் அவர். ஐரோப்பியர்களோட நேரத்துக்குக் கிட்டத்தட்ட வந்துட்டாங்களாம், எந்தப் பயிற்சியும் இல்லாம. ஆன்ட்வெர்ப் மாரத்தான்ல பெல்காம்காரர் படேப்பா சௌகுலே 19வதா வந்தார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கு நம்ம அணியைத் தயார் பண்ணதுல பக்குக்கும் பங்கு உண்டு.

ஆக, கால்ல வேகம் இருந்தது. அதை எப்படிப் பழக்கறதுங்கறதுதான் கேள்வி.

1930கள்ல ஜெர்மனியில வோல்டெமார் கெர்ஷ்லர்னு ஒரு கோச், ஹெர்பர்ட் ரெய்ன்டெல்ங்கற டாக்டரோட சேர்ந்து ஒரு பதில் கண்டுபிடிச்சார். கொஞ்ச தூரம் வேகமா ஓடு, நாடித்துடிப்பு 180 வரைக்கும் ஏறட்டும். அப்புறம் அது 120க்கு இறங்கற வரைக்கும் காத்திரு. மறுபடி ஓடு. இதுதான் இன்டர்வெல் பயிற்சி. அவரோட சிஷ்யர் ருடால்ஃப் ஹார்பிக் 1939ல 800 மீட்டரை 1:46.6ல ஓடினார். அந்த உலக சாதனையை முறியடிக்க 1955 வரைக்கும் ஆளில்ல. செக்கோஸ்லோவாக்கியாவோட எமில் ஜடோபெக் 400 மீட்டரைத் திரும்பத் திரும்ப ஓடியே பயிற்சி எடுத்தவர். 1952 ஹெல்சிங்கியில 5,000, 10,000, மாரத்தான்னு மூணு தங்கம்.

"பாத்தியா, கஷ்டப்பட்டாத்தான்டா வேகம் வரும்"னு எனக்கு ஒரே குஷி. அப்புறம்தான் உறைச்சுது. இன்டர்வெல்னா இடைவெளி. கெர்ஷ்லர் பெருசா நினைச்சதே அந்த ஓய்வைத்தான், இதயம் பலமாகறது அப்பதான்னு நம்பினார். என் எக்ஸெல்ல இடைவெளிக்கு ஒரு காலம்கூட இல்லையே மக்களே!

அடுத்தவர்தான் நம்ம ஹீரோ. நியூசிலாந்து, ஆக்லாந்து. ஆர்தர் லிடியார்ட், செருப்புத் தொழிற்சாலையில வேலை. தன்னை நல்ல ஃபிட்னு நினைச்சிட்டிருந்தவரை ஒரு நண்பர் அஞ்சு மைல் ஓடக் கூட்டிட்டுப் போனார். மூச்சு முட்டிப் போச்சு. அதிலேர்ந்து தன் உடம்பையே சோதனைக்கூடமாக்கி வருஷக்கணக்கா ஓடிப் பார்த்தார். முடிவு: வாரத்துக்கு நூறு மைல், அதாவது 160 கிலோமீட்டர், மூச்சு முட்டாத வேகத்துல. அந்த அஸ்திவாரம் போட்டப்புறம் மேட்டுல ஓட்டம். வேகப் பயிற்சி கடைசியில கொஞ்ச வாரம்தான். 800 மீட்டர்காரனுக்கும் இதே கதை. எல்லாரும் சிரிச்சாங்க. 1960 செப்டம்பர் 2, ரோம் ஒலிம்பிக்ஸ். அவர் பசங்கள்ல பீட்டர் ஸ்னெல் 800லயும் மர்ரே ஹால்பெர்க் 5,000லயும் ஒரே நாள்ல தங்கம் வாங்கினாங்க. சிரிப்பு நின்னுது.

காரணம் பின்னாடிதான் புரிஞ்சுது. 1967ல ஜான் ஹாலோஸி எலிகளை ஓடவெச்சு, தசைக்குள்ள ஆக்சிஜனை வெச்சு சக்தி தயாரிக்கற மைட்டோகாண்ட்ரியாவோட திறன் பெருகறதைக் காட்டினார். அது நாள்பட ஏறற சமாச்சாரம். எலும்பும் தசைநாரும் அதைவிடவும் நிதானமாத்தான் பலமாகும். நுரையீரல் தயாரா இருந்தப்போ என் எலும்பு தயாரா இல்ல. பெரிய வீரர்களோட பயிற்சியை அலசின ஸ்டீபன் ஸெய்லரும், சுமார் 80 சதவீத ஓட்டம் லேசானதுதான்னு சொன்னார்.

நம்ம ஊர்ல இன்னொரு சங்கதி. புழுக்கத்துல வேர்வை காயாது, உடம்பு சூடு இறங்காது, அதே வேகத்துக்கு இதயம் கூடுதலா அடிச்சுக்கும். குளிர் தேசத்து அட்டவணையை அப்படியே எடுத்து மே மாசம் மெரினாவுல ஓடினா சங்குதான். அதனால வாட்ச்சைக் கழட்டி வெச்சேன். ஒரே விதி, பேசிக்கிட்டே ஓட முடியணும். முதல் மாசம் நாகேஸ்வர ராவ் பூங்காவுல வேஷ்டி கட்டின மாமா ஒருத்தர் நடந்தே என்னை முந்தினார். மானம் போச்சு. ஆறு மாசத்துல, அதே பேசற வேகத்துலயே கிலோமீட்டருக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல குறைஞ்சிருந்தது.

லிடியார்ட் கதையில எனக்குப் பிடிச்சது அந்தத் தங்கம் இல்ல. 1960களோட ஆரம்பத்துல, இதய நோயாளின்னா படுத்தே கிடக்கணும்னு சொன்ன காலத்துல, ஆக்லாந்துல நடுத்தர வயசுக்காரங்களையும் மாரடைப்பு வந்தவங்களையும் மெல்ல மெல்ல ஓடவெச்சார் மனுஷன். உலகம் முழுக்க ஜாகிங் பரவினதுக்கு அதுவும் ஒரு வித்து.

இப்ப ஞாயித்துக்கிழமைகள்ல அப்பாவும் கூட வர்றார். டாக்டர் சொன்ன அளவுக்கு அவர் கலங்கரை விளக்கத்துகிட்ட நடப்பார். நான் உழைப்பாளர் சிலை வரைக்கும் போய்த் திரும்புவேன். எவ்ளோ நேரம் ஆச்சுன்னு அவர் கேக்கறதில்ல. "என்னடா, மூச்சு வாங்குதா?"ன்னுதான் கேப்பார்.

இல்லப்பா.

டிஸ்கி: நான் டாக்டரும் இல்ல, கோச்சும் இல்ல. கால் வலிச்சா எக்ஸெல்லைத் திறக்காம டாக்டரைப் பாருங்க :-)