பெயர்களில் வாழும் தலைநகரம்

கங்கைகொண்ட சோழபுரம் என்றதும் நம் கண்முன் நிற்பது அந்த விமானமே. அதனை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும் நாம், சுற்றியுள்ள சிற்றூர்களைக் கவனிப்பதில்லை. இன்று அரியலூர் மாவட்டத்தில் ஒரு கிராமமாக அடங்கியிருக்கும் இவ்வூர், முதலாம் இராசேந்திரன் காலந்தொட்டு ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழர்களின் தலைநகராக விளங்கியது. கோயில் நிற்கிறது, நகரம் எங்கே போயிற்று?

விடையை ஊர்ப்பெயர்களிடம்தான் கேட்க வேண்டும். உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி, மாளிகைமேடு. கோட்டை இல்லை, படைக்கலம் இல்லை, மெய்க்காவலரும் இல்லை. ஆடு மேய்க்கச் செல்பவரும் வயலுக்குப் போகிறவரும் நாள்தோறும் உச்சரிப்பதால் பெயர்கள் மட்டும் பிழைத்திருக்கின்றன. 1980களில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை மாளிகைமேட்டை அகழ்ந்தபோது செங்கல் அடித்தளங்களும் கூரை ஓடுகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. 2021இல் அங்கே அகழாய்வு மீண்டும் தொடங்கியபோதும் மாளிகைச் சுவர்கள் வெளிப்பட்டன. ஊரார் வாய்மொழி பொய்க்கவில்லை.

கோயிலுக்கு மேற்கே உள்ள பொன்னேரிதான் இராசேந்திரன் வெட்டுவித்த சோழகங்கம். கங்கை வெற்றியின் நினைவாக நீராலேயே எழுப்பிய வெற்றித்தூண் என்று அதனைத் திருவாலங்காட்டுச் செப்பேடு போற்றுகிறது. 1855ஆம் ஆண்டுக் குறிப்பொன்று, 16 மைல் நீளமுள்ள அதன் கரையையும், ஏரி பாழ்பட்டு அதன் பெரும்பகுதியில் காடு மண்டிக் கிடந்ததையும் பதிவு செய்திருக்கிறது.

அதே குறிப்பு சொல்லும் இன்னொரு செய்திதான் நம்மை உறுத்துவது. கொள்ளிடத்தின் குறுக்கே 1836இல் கீழணை கட்டப்பட்டபோது, கல் வேண்டி இக்கோயிலின் சுற்றுமதிலை ஏறக்குறைய முழுவதுமாகப் பெயர்த்தெடுத்தார்கள். சிற்ப வேலைப்பாடு மிக்க கற்களும் தப்பவில்லை. ஊர் மக்கள் இயன்றவரை தடுத்துப் பார்த்தார்கள், பயனில்லை. தடுத்தவர்களுக்குக் கிடைத்தது அவமதிப்புக் குற்றத்திற்கான தண்டனை. கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல்மதில் எழுப்பித் தருவதாகக் கொடுத்த வாக்குறுதியும் நிறைவேறவில்லை.

கீழணையை வெறும் அழிவின் சின்னம் என்று ஒதுக்கிவிடவும் நம்மால் இயலாது. அங்கிருந்து வடவாற்றின் வழியே செல்லும் நீர் வீராணம் ஏரியை நிரப்புகிறது. வீராணமோ முதலாம் பராந்தகன் காலத்து ஏரி. ஒரு சோழன் கோயிலின் கற்கள் இன்னொரு சோழன் ஏரிக்கு நீர் அனுப்ப, சோழகங்கம் மட்டும் தூர்ந்து கிடந்தது. வரலாற்றின் கணக்கு இவ்வளவு சிக்கலானது.

2004இல் யுனெஸ்கோ இக்கோயிலை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. அதில் நமக்குப் பெருமைதான். ஆயினும் ஓர் எண்ணம் எழாமலில்லை. கோயிலைக் கட்டியவனின் விருதுப்பெயர்களை நாம் வரிசையாகச் சொல்வோம்: கங்கைகொண்டான், கடாரங்கொண்டான், பண்டித சோழன். அக்கோயிலின் கல்லுக்காக அரசை எதிர்த்து நின்று தண்டனை பெற்றவர்களில் ஒருவர் பெயரையேனும் நாம் அறிவோமா? உட்கோட்டையும் மெய்க்காவல்புத்தூரும் நினைவில் நிற்பது கல்வெட்டால் அன்று, இத்தகைய எளிய மக்களின் நாவால். அவர்கள் பெயரைத்தான் எந்த ஊரும் தாங்கி நிற்கவில்லை. அடுத்த முறை விமானத்தை அண்ணாந்து பார்க்கும்போது, சிதைந்த மதிலின் பக்கமும் சற்றே திரும்பிப் பார்ப்போம். மெய்க்காவலர் இல்லாத காலத்தில் இக்கோயிலைக் காக்க முன்வந்தவர்கள் அவர்களே.