காரீயமும் ஆண் இனப்பெருக்க நலமும்: தொழிற்பாதுகாப்பு வரலாற்றில் ஒரு விடுபடல்

ஆய்வுச் சுருக்கம்

காரீயம் ஆணின் வழியாகவும் கருவைப் பாதிக்கக்கூடும் என்னும் கருத்து 1860ஆம் ஆண்டிலேயே மருத்துவ எழுத்தில் இடம்பெற்றது. எனினும், பின்னர் எழுந்த தொழிற்சட்டங்கள் காரீயத்தால் நேரும் இனப்பெருக்கக் கேட்டைப் பெண்ணுடலுக்கு மட்டும் உரியதாகக் கருதின. மருத்துவ அறிவுக்கும் சட்டத்துக்கும் இடையே எழுந்த இந்த இடைவெளியையும், 1975 முதல் 1991 வரையிலான காலத்தில் அது குறைந்த முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: காரீயம், விந்தணு, தொழில்சார் நோய், தொழிற்சட்டம், பாலினப் பாகுபாடு.

முன்னுரை

குறைந்த வெப்பத்தில் உருகுவதும் எளிதில் வளைவதும் காரீயத்தின் இயல்புகள். இவற்றால் அது நீர்க்குழாய், சாயம், அச்செழுத்து, மின்கலம் எனப் பல தொழில்களில் இடம்பெற்றது. தூசியாகவும் புகையாகவும் உடலுக்குள் செல்லும் காரீயத்தில் தங்கிவிடும் பகுதி பெரும்பாலும் எலும்பில் படிகிறது. பல்லாண்டுகள் அங்கேயே இருந்து, சிறிது சிறிதாகக் குருதியில் மீண்டும் கலக்கிறது. எனவே, தொழிலைக் கைவிட்ட பின்னரும் அதன் விளைவு தொடர்கிறது. குடல்வலி, மணிக்கட்டுத் தளர்ச்சி ஆகியன காரீயத் தொழிலாளரின் நோய்களாக நெடுங்காலமாக அறியப்பட்டிருந்தன. இனப்பெருக்கக் கேடோ பாதிக்கப்பட்டவரின் உடலில் வெளிப்படையாகத் தெரிவதில்லை. அதனை அறிய, குடும்பத்தின் வரலாற்றைக் கேட்டறிய வேண்டியிருந்தது.

தந்தைவழிப் பாதிப்பு: முதற் சான்று

பிரெஞ்சு மருத்துவர் கான்ஸ்தாந்தின் பால் 1860இல் அத்தகைய வினாக்களை எழுப்பினார். அச்செழுத்து வார்ப்புத் தொழிலில் ஈடுபட்ட பெண்களிடையே கருச்சிதைவு மிகுந்திருப்பதைக் கண்ட அவர், கணவன் மட்டும் காரீயத் தொழில் செய்த குடும்பங்களையும் ஆராய்ந்தார். அக்குடும்பங்களிலும் கருச்சிதைவு காணப்பட்டது. தாய் காரீயத் தொழில் செய்யாத நிலையில், பாதிப்புத் தந்தை வழியாக வந்திருக்கலாம் என்னும் முடிவுக்கு இது இடமளித்தது.

இச்சான்றுக்கு எல்லை உண்டு. ஆராயப்பட்ட குடும்பங்கள் சில மட்டுமே. மேலும், தொழிலாளியின் ஆடையில் ஒட்டிய தூசி வீட்டுக்குள் வந்து மனைவியின் உடலில் நேரடியாகச் சேர்ந்திருக்கவும் கூடும். இவ்விரு வழிகளையும் பிரித்தறியும் கருவி அக்காலத்தில் இல்லை. ஆயினும், தந்தையின் உடலும் ஆய்வுக்குரியது என்னும் எண்ணம் இதனால் முன்வைக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

சட்டம் வகுத்த எல்லை

சட்டம் இவ்வெண்ணத்தைப் பின்பற்றவில்லை. காரீய வெள்ளை என்னும் சாயப்பொருளைத் தயாரிக்கும் தொழிற்கூடங்களின் இடர்மிகுந்த பணிகளிலிருந்து பிரித்தானியா 1898இல் பெண்களை விலக்கியது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1919இல் வெளியிட்ட பரிந்துரை, காரீய நச்சிலிருந்து பெண்களையும் சிறாரையும் காப்பதையே நோக்கமாகக் கொண்டது. அவ்வமைப்பின் 1921ஆம் ஆண்டு உடன்படிக்கை, கட்டடங்களின் உட்புற வண்ணப்பூச்சில் காரீய வெள்ளையைப் பயன்படுத்துவதைப் பொதுவாகத் தடுத்தது. தொழில்முறை வண்ணப்பூச்சில் அதனைக் கையாளும் பணிகளில் பெண்களையும் 18 வயதுக்குட்பட்ட ஆண்களையும் அமர்த்துவதை விலக்கியது.

வயதுவந்த ஆண் இவ்விதிகளில் உழைப்பாளியாக இடம்பெறுகிறான், தந்தையாக இடம்பெறவில்லை. கரு வளரும் இடம் பெண்ணுடல் என்பதால், கருவுக்கு வரும் கேட்டின் தோற்றுவாயும் அதுவே எனக் கருதப்பட்டது. காற்றைத் தூய்மையாக்குவதைவிடப் பெண்ணைப் பணியிலிருந்து நீக்குவது தொழிலதிபருக்கு எளிதாகவும் இருந்தது.

அளவிடப்பட்ட சான்று

விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதங்கள் ஆகின்றன. அதன் உற்பத்தி பருவமெய்திய நாள்முதல் முதுமைவரை தொடர்கிறது. ஆகவே, பணியிலுள்ள ஆண்கள் அனைவரும் இப்பாதிப்புக்கு உள்ளாகக்கூடியவர்களே. ருமேனிய ஆய்வாளர் லங்க்ரஞ்சன் குழுவினர் 1975இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அளவைச் சான்று அளித்தது. காரீயத்துக்கு நெடுங்காலம் ஆட்பட்ட 150 ஆண் தொழிலாளரை அவர்கள் ஆராய்ந்தனர். நச்சுக்குள்ளானோரின் சராசரிக் குருதிக் காரீய அளவு 100 மில்லிலிட்டருக்கு 74.5 மைக்ரோகிராம், மிதமாக ஆட்பட்டோரின் அளவு 52.8 மைக்ரோகிராம். இவ்விரு பிரிவினரிடமும் கருவுறச்செய்யும் ஆற்றல் குறைந்திருந்தது. விந்தணுக்களின் எண்ணிக்கையும் இயக்கமும் குன்றியிருந்தன. வடிவம் திரிந்த அணுக்கள் மிகுந்திருந்தன. காரீயம் விந்தகத்தையே நேரடியாகத் தாக்குவதாக ஆய்வாளர் கருதினர். நச்சின் அறிகுறி முற்றாத நிலையிலும் இனப்பெருக்க ஆற்றல் குன்றும் என்பதே இவ்வாய்வின் முதன்மையான பங்களிப்பு எனலாம்.

விதியும் தீர்ப்பும்

அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு, உடல்நல நிர்வாகம் 1978இல் வெளியிட்ட காரீய விதி, பணியிடக் காற்றில் இருக்கத்தக்க அளவைக் கனமீட்டருக்கு 200 மைக்ரோகிராமிலிருந்து 50 ஆகக் குறைத்தது. பிள்ளைப்பேற்றை விரும்பும் தொழிலாளர், ஆணாயினும் பெண்ணாயினும், குருதிக் காரீயத்தை 30 மைக்ரோகிராமுக்குக் கீழ் வைத்திருக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தியது.

இதற்குப் பின்னரும் பழைய நோக்கு மறையவில்லை. மின்கலம் தயாரித்த ஜான்சன் கண்ட்ரோல்ஸ் நிறுவனம், கருவுற இயலாமைக்கு மருத்துவச் சான்று அளித்தவர் தவிர ஏனைய பெண்கள் அனைவரையும் 1982இல் காரீயப் பணிகளிலிருந்து விலக்கியது. இதனை எதிர்த்து 1984இல் வழக்குத் தொடர்ந்தோருள், வேலையை இழக்காமலிருக்கக் கருத்தடை அறுவை செய்துகொண்ட பெண் ஒருவர் இருந்தார். தந்தையாக விரும்பி, குருதியில் காரீயத்தைக் குறைத்துக்கொள்ள விடுப்புக் கேட்டு மறுக்கப்பட்ட ஆண் ஒருவரும் இருந்தார். ஒரே கொள்கை பெண்ணைப் பணியிலிருந்து வெளியேற்றியது. ஆணை இடரின் நடுவே நிறுத்தியது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991 மார்ச்சு 20 அன்று நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. முடிவில் நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒத்திருந்தனர். காரீயம் ஆணின் இனப்பெருக்க அமைப்பைச் சிதைப்பதற்குச் சான்றிருந்தும் நிறுவனம் பெண்களின் கருவைப் பற்றி மட்டுமே கவலைகொண்டதை, நீதிபதி பிளாக்மன் எழுதிய தீர்ப்புரை சுட்டிக்காட்டியது.

முடிவுரை

மேற்கண்டவற்றால், ஆணுக்கு நேரும் பாதிப்பை மறந்தமைக்கு அறிவின்மை மட்டுமே காரணமன்று என்பது புலனாகிறது. 1860இன் சான்று சிறிதாயினும் வினாவைத் தெளிவாக எழுப்பியிருந்தது. சட்டம் அதனைத் தொடரவில்லை. விளைவாக, பெண்கள் வாழ்வூதியத்தை இழந்தனர். ஆண்கள் பாதுகாப்பை இழந்தனர். 1991ஆம் ஆண்டுத் தீர்ப்பு பாகுபாட்டை நீக்கியதேயன்றிக் காற்றிலிருந்த காரீயத்தை நீக்கவில்லை. அப்பணி, பணியிடத்தைத் தூய்மையாக்கும் விதிகளுக்கே உரியது. தொழிலாளரைப் பிரிப்பதைவிட நச்சைக் குறைப்பதே இருபாலருக்கும் உண்மையான காப்பு என்பது இவ்வரலாறு உணர்த்தும் முடிவாகும்.