வாடகைக்கு ஓடிய காரை வாங்கலாமா? கையெழுத்துப் போடும் முன் கவனிக்க வேண்டியவை

பழைய கார் விற்கும் இடங்களில் மூன்று, நான்கு வயதான மைவி, பெஸ்ஸா, சாகா கார்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். வண்ணம் மங்கவில்லை, இருக்கைக்குப் புது உறை, விலையும் மற்ற இடத்தைவிடச் சில ஆயிரம் வெள்ளி குறைவு. இப்படி மலிவாகக் கிடைக்கும் கார்களில் சில, வாடகை நிறுவனங்களிடம் ஓடி முடித்து வந்தவை.

வாடகைக் கார் என்றாலே வேண்டாம் என்று ஒதுக்குவோர் உண்டு. விலையைப் பார்த்ததும் முன்பணம் கட்டிவிடுவோரும் உண்டு. இரண்டுமே அவசர முடிவுதான். கார் வாடகைக்கு ஓடியதா என்பதோடு, அது எப்படி ஓடியது, அதற்கு எழுத்தில் சான்று இருக்கிறதா, அந்த உண்மை விலையில் தெரிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

தோட்டப்புறக் குடும்பங்களுக்கு இது சிறிய முடிவல்ல. பேருந்து குறைவான இடத்தில் வேலை, பள்ளிக்கூடம், மருத்துவமனை எல்லாவற்றுக்கும் ஒரே காரைத்தான் நம்ப வேண்டும். கடன் ஏழு ஆண்டு, ஒன்பது ஆண்டு என நீளும். கார் மூன்றாம் ஆண்டில் பட்டறையில் படுத்துவிட்டாலும் மாதத் தவணை நிற்காது.

எல்லா வாடகைக் காரும் ஒன்றல்ல

முதல் வகை, விமான நிலையத்திலும் நகரங்களிலும் நாள் கணக்கில் வாடகைக்கு விடப்படும் கார். இன்று ஒருவர், நாளை வேறொருவர் என்று பலர் கைபட்டிருக்கும். குளிர்ந்த இன்ஜினை முறுக்குவது, மேடு பள்ளம் பார்க்காமல் விடுவது எல்லாம் நடந்திருக்கலாம். ஆனால் முறையாக நடக்கும் நிறுவனங்கள் காரைக் குறித்த நேரத்தில் சர்வீஸ் செய்கின்றன. கார் நின்றால் அவர்களுக்கு வருமானம் நிற்கும். அந்தப் பதிவுகள் கைக்குக் கிடைத்தால், ஒழுங்காகப் பராமரிக்காத தனியார் காரைவிட இது மேலானதாகவும் இருக்கலாம்.

இரண்டாம் வகை, ஒரு நிறுவனம் தன் அதிகாரிக்காக மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்குக் குத்தகைக்கு எடுத்த கார். பெரும்பாலும் ஒரே ஆள் ஓட்டியிருப்பார். கிலோமீட்டர் கூடுதலாக இருந்தாலும் நெடுஞ்சாலை ஓட்டம் நகர நெரிசல் ஓட்டத்தைவிட கியர்பாக்ஸுக்கும் பிரேக்குக்கும் எளிது. நான்கு வகையில் இதுவே பாதுகாப்பானது.

மூன்றாம் வகை, இ-ஹெய்லிங் ஓட்டுநர்களுக்கு வாரக் கணக்கிலோ மாதக் கணக்கிலோ விடப்பட்ட கார். தினமும் பல மணி நேரம், அதுவும் நகர நெரிசலில் ஓடியிருக்கும். இந்தக் கார்கள் தனியார் வாகனமாகவே பதிவாகியிருக்கும் என்பதால், கிராண்ட்டைப் பார்த்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது.

நான்காம் வகை, உரிமம் இல்லாமல் தனிநபர் தன் காரைத் தெரிந்தவர்களுக்கு வாடகைக்கு விட்டது. எங்கே ஓடியது, யார் ஓட்டினார், எப்போது சர்வீஸ் செய்தார்கள் என்பதற்கு எந்தப் பதிவும் இருக்காது. விலகி நிற்க வேண்டியது இதிலிருந்துதான்.

வயதைவிட ஓட்டம் முக்கியம்

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குடும்பக் கார் ஒன்று ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், மூன்று ஆண்டில் 45,000 கிலோமீட்டர். வாடகைக் கார் மாதத்தில் 20 நாள், நாளுக்கு 200 கிலோமீட்டர் ஓடினால் மாதம் 4,000, ஆண்டுக்கு 48,000, மூன்று ஆண்டில் 144,000 கிலோமீட்டர். பதிவுச் சான்றிதழில் இரண்டுக்கும் ஒரே வயது. உள்ளே பார்த்தால் இரண்டாவது கார் குடும்பக் கார் ஒன்று ஒன்பதரை ஆண்டில் ஓடும் தூரத்தை ஓடி முடித்திருக்கிறது.

உத்தரவாதத்திலும் இது தெரியும். பெரோடுவா, புரோட்டோன் கார்களுக்கு 5 ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை என்ற உத்தரவாதம் பரவலாகத் தரப்படுகிறது. மேலே சொன்ன வாடகைக் காருக்கு இன்னும் இரண்டு ஆண்டு பாக்கி என்று விற்பவர் சொன்னாலும், கிலோமீட்டர் கணக்கில் அது ஏறக்குறைய முடிந்துவிட்டது. வணிகப் பயன்பாட்டுக்கு நிபந்தனையும் மாறலாம். உத்தரவாதம் இன்னும் செல்லுமா என்பதைச் சேசிஸ் எண்ணைக் கொடுத்து நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்திலேயே கேட்பது நல்லது.

இதனால்தான் மீட்டரைக் குறைக்கும் வேலை நடக்கிறது. டிஜிட்டல் மீட்டரையும் கருவி கொண்டு மாற்ற முடியும். மீட்டர் 60,000 காட்டுகிறது என்பது சான்று ஆகாது. சர்வீஸ் புத்தகத்தில் ஒவ்வொரு முறையும் எழுதப்பட்ட கிலோமீட்டர் படிப்படியாக ஏறி, இன்றைய மீட்டரோடு பொருந்தினால்தான் நம்பலாம். புத்தகம் தொலைந்துவிட்டது என்றால், சர்வீஸ் நிலையத்தில் உள்ள பதிவை எடுத்துத் தரும்படி விற்பவரைக் கேட்க வேண்டும். தர மறுத்தால் காரணம் இருக்கிறது என்று பொருள்.

ஆவணங்களில் பார்க்க வேண்டியவை

முதலில் கிராண்ட் எனப்படும் வாகன உரிமைச் சான்றிதழ். விற்பனையாளர்கள் பல சமயம் காரைத் தங்கள் பெயருக்கு மாற்றாமலே விற்பதுண்டு. அதனால் முந்தைய உரிமையாளரின் பெயரே அதில் இருக்கும். தனிநபர் பெயரா, நிறுவனத்தின் பெயரா என்று பாருங்கள். நிறுவனம் என்றால், மலேசிய நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்மின் இணையச் சேவையில் சிறு கட்டணம் செலுத்தி, அது என்ன தொழில் செய்கிறது என்று அறியலாம்.

அடுத்து, பயன்பாட்டு வகை. தனியார் பயன்பாடு என்றால் 'பெர்செண்டிரியான்' என்றிருக்கும். உரிமம் பெற்ற வாடகைக் கார் 'கெரேத்தா செவா பண்டு' என்ற வகையில் வரும். தீபகற்ப மலேசியாவில் இதற்கான உரிமத்தை அபாட் எனப்படும் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனம் வழங்குகிறது. இத்தகைய காரை வாங்கும்போது, பழைய உரிமம் ரத்தாகி, ஜேபிஜே பதிவில் தனியார் வாகனமாக மாறியிருக்க வேண்டும். அதை விற்பவரே முடித்துத் தரட்டும். 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பதை ஏற்கக் கூடாது. பதிவில் ஒரு பயன்பாடு, காப்புறுதியில் வேறொரு பயன்பாடு என்றிருந்தால் விபத்து நேரும்போது இழப்பீட்டில் சிக்கல் வரும்.

கார் முதலில் பதிவான தேதியையும், கடைசியாகப் பெயர் மாறிய தேதியையும் கேட்டு ஒப்பிடுங்கள். நான்கு ஆண்டுக் கார் ஆறு மாதத்துக்கு முன்தான் தனிநபர் பெயருக்கு வந்தது என்றால், அதற்கு முன் யாரிடம் இருந்தது என்ற கேள்விக்குப் பதில் வேண்டும்.

இ-ஹெய்லிங் ஓடியதா என்பதை நேரடியாகக் கேளுங்கள். மூன்று வயதைத் தாண்டிய இ-ஹெய்லிங் வாகனங்களுக்கு ஆண்டுதோறும் சோதனை உண்டு. அந்த அறிக்கை இருக்கலாம். பழைய காப்புறுதிப் பத்திரத்தில் இ-ஹெய்லிங் கூடுதல் பாதுகாப்பு சேர்க்கப்பட்டிருந்தாலும் விஷயம் புரிந்துவிடும்.

வாடகைக் காரில் பலர் ஓட்டியிருப்பதால் சம்மன் பாக்கியும் சேர்ந்திருக்கலாம். ஜேபிஜே சம்மனை மைஜேபிஜே செயலியிலும், போலீஸ் சம்மனை மைபாயார் பிடிஆர்எம் தளத்திலும் பார்க்கலாம். உரிமையாளரின் முன்னிலையில் அவர் கணக்கிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். தடைப்பட்டியலில் இருக்கும் வாகனத்தைப் பெயர் மாற்ற முடியாது.

காரில் தெரியும் அடையாளங்கள்

மீட்டர் குறைவாகக் காட்டியும், பிரேக் பெடல் ரப்பர் தேய்ந்து வழவழப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஸ்டீயரிங் பளபளப்பு, ஓட்டுநர் இருக்கையின் வெளிப்புற ஓரம் அமுங்கியிருப்பது, கியர் குமிழின் எழுத்து அழிந்திருப்பது ஆகியவையும் அப்படித்தான். பின் இருக்கையும் பின்கதவுக் கைப்பிடியும் முன்பக்கம் அளவுக்குத் தேய்ந்திருந்தால் பயணிகள் நிறைய ஏறியிருக்கிறார்கள். பெட்டி வைக்கும் இடத்தின் விளிம்பில் உள்ள கீறல்கள் பயணப் பெட்டிகளின் அடையாளம்.

முன்கண்ணாடியில் ஸ்டிக்கர் உரித்த தடம் இருக்கிறதா பாருங்கள். டேஷ்போர்டின் அடியில் வெட்டிவிட்ட ஒயர்கள் இருந்தால், வாடகை நிறுவனம் பொருத்திய ஜிபிஎஸ் கருவியின் மிச்சமாக இருக்கலாம். சில கருவிகள் தொலைவிலிருந்தே இன்ஜினை நிறுத்தக்கூடியவை. கருவி இன்னும் உள்ளே இருந்தால், வாங்கும் முன்பே அதைக் கழற்ற வேண்டும். சாவிகள் அனைத்தையும் கேட்டு வாங்குங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. 40,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று சொல்லப்படும் காரில் நான்கு டயரும் ஏற்கனவே ஒருமுறைக்கு மேல் மாறியிருந்தால் கணக்கு இடிக்கிறது.

வெள்ளத்தையும் மறக்கக் கூடாது. 2021 டிசம்பரில் ஷா ஆலாம், கிள்ளான் பகுதிகளில் ஏராளமான கார்கள் மூழ்கின. இருக்கைப் பட்டையை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். அடியில் சேறு அல்லது கறை இருந்தால், கம்பளத்தின் கீழே துரு இருந்தால், அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

கியர்பாக்ஸுக்குத் தனிக் கவனம் வேண்டும். 2019-இல் மேம்படுத்தப்படும் வரை வந்த ஆட்டோ சாகாவில் சிவிடி இருந்தது. அந்த மேம்பாட்டில் நான்கு வேக ஆட்டோ கியர்பாக்ஸ் வந்தது. மைவியில் 2021 இறுதியில் வந்த மாற்றத்துக்குப் பிறகே சிவிடி. எதுவானாலும் கியர் எண்ணெய் எத்தனை கிலோமீட்டரில் மாற்றப்பட்டது என்ற பதிவைக் கேளுங்கள். இன்ஜின் சூடேறிய பிறகு மேட்டில் ஓட்டிப் பாருங்கள். உதறல், தாமதம், ஊளைச் சத்தம் இருந்தால் பெருஞ்செலவு காத்திருக்கிறது.

புஸ்பாகோம் சோதனை போதுமா?

பெயர் மாற்றத்துக்கு பி5, வங்கித் தவணைக் கடனுக்கு பி7 என்ற சோதனைகள் உள்ளன. இன்ஜின் எண், சேசிஸ் எண் பதிவோடு பொருந்துகிறதா, வாகனம் அடையாளம் மாற்றப்பட்டதா போன்றவற்றை இவை உறுதிப்படுத்துகின்றன. கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்று இவை சொல்லாது. 'புஸ்பாகோம் பாஸ்' என்பதை நல்ல கார் என்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள், அல்லது காரை அவர் பட்டறைக்கு எடுத்துச் சென்று தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குக் கொடுக்கும் கூலி வீண் போகாது. காரை வெளியே விட மறுக்கும் கடையில் முன்பணம் கட்டாதீர்கள்.

விலை எப்படிப் பேசுவது?

அதே மாடல், அதே ஆண்டு, தனியார் கார் என்ன விலைக்குப் போகிறது என்று முதலில் பாருங்கள். பிறகு மெக்கானிக் சொல்லும் செலவுகளை எழுதுங்கள்: டயர், பிரேக், அப்சோர்பர், கியர் எண்ணெய், பேட்டரி. எடுத்துக்காட்டாக, வாடகைக் கார் 4,000 வெள்ளி மலிவு, ஆனால் முதல் ஆண்டிலேயே 3,500 வெள்ளிக்கு வேலை இருக்கிறது என்றால் மிச்சம் 500 வெள்ளிதான். அந்தத் தொகைக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர் கூடுதல் ஓட்டத்தை யாரும் சுமக்க வேண்டியதில்லை.

தவணைமுறைக் கொள்முதல் சட்டம் 1967-இன்படி முன்பணம் குறைந்தது பத்து விழுக்காடு. அதிகம் ஓடிய காருக்கு ஒன்பது ஆண்டுக் கடன் எடுப்பது ஆபத்து. மாதத் தவணை சற்றுக் கூடினாலும் ஐந்து ஆண்டுக்குள் முடிவதாகப் பார்த்துக்கொள்வது நல்லது. அந்தத் தவணை கட்ட முடியாது என்றால் அந்தக் கார் கைக்கு மீறியது.

'சம்போங் பாயார்' வேண்டாம்

வாடகைக்கு விட்டவர் தவணை கட்ட முடியாமல், 'பெயர் மாற்ற வேண்டாம், மாதத் தவணையைத் தொடர்ந்து கட்டினால் போதும்' என்று காரைத் தருவது உண்டு. கடன் முடியும்வரை கார் வங்கிக்குச் சொந்தம். வங்கிக்குத் தெரியாமல் அதைக் கைமாற்றுவது சட்டப்படி குற்றம். கட்டிய பணத்துக்கு உங்களிடம் உரிமைப் பத்திரம் இருக்காது. வங்கி காரை இழுத்துச் சென்றால் கேட்க வழியில்லை. எவ்வளவு மலிவாக இருந்தாலும் இதில் இறங்காதீர்கள்.

ஏமாற்றப்பட்டால் எங்கே போவது?

விற்பனையாளரிடம் வாங்கியிருந்தால் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 பொருந்தும். பழைய பொருளும் விலைக்கும் வயதுக்கும் ஏற்ற தரத்தில் இருக்க வேண்டும். 'உள்ளபடியே விற்கப்படுகிறது' என்று எழுதி அந்தச் சட்டப் பாதுகாப்பை நீக்கிவிட முடியாது. மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே தாக்கல் செய்யலாம். கட்டணம் 5 வெள்ளி. மூன்று ஆண்டுக்குள் செய்ய வேண்டும். தனிநபரிடம் நேரடியாக வாங்கியிருந்தால் இந்த மன்றம் உதவாது.

அங்கே வாய்ப்பேச்சு எடுபடாது. எனவே 'இந்தக் கார் வாடகைக்கோ இ-ஹெய்லிங்குக்கோ ஓடவில்லை', அல்லது 'வாடகைக்கு ஓடியது, மீட்டர் இவ்வளவு' என்ற வரியை விற்பனை ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். விளம்பரத்தின் படத்தையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள். எழுதித் தர மறுப்பவர் அந்த இடத்திலேயே பதில் சொல்லிவிட்டார்.

சுருக்கமாக

வாங்கலாம்: வாடகை அல்லது குத்தகை என்று விற்பவரே ஒப்புக்கொள்கிறார், சர்வீஸ் பதிவு முழுமையாக இருக்கிறது, பயன்பாட்டு வகை மாற்றப்பட்டுவிட்டது, சொந்த மெக்கானிக் பார்த்துவிட்டார், பழுதுச் செலவைக் கழித்த பிறகும் விலை தெளிவாகக் குறைவு.

வேண்டாம்: பதிவு இல்லை, மீட்டரும் தேய்மானமும் பொருந்தவில்லை, காரை வெளியே எடுத்துப் பார்க்க விடவில்லை, இன்றே முன்பணம் கட்டாவிட்டால் வேறு ஆள் எடுத்துவிடுவார் என்று அவசரப்படுத்துகிறார்கள். மைவியும் சாகாவும் நாடு முழுவதும் விற்பனையில் இருக்கின்றன. இன்று விட்ட காரைப் போல இன்னொன்று அடுத்த வாரமும் கிடைக்கும்.